முகம் வெட்டப்பட்ட வேலைக்காரி: ஒரு பூனை எலிப் படமும் நம்முடைய சிரிப்பும்

1

'கார்ட்டூனிலுமா சாதி பார்ப்பீர்கள்?'

இதைக் கேட்பவர்கள் நம் எதிரிகள் அல்ல. நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்கள். வன்கொடுமைக்கு எதிராகக் கையெழுத்து வேண்டும் என்றால் முதல் ஆளாகப் பேனாவைத் திறக்கிறவர்கள். ஆனால் சிரிப்பு என்று வந்துவிட்டால் போதும், 'அங்கேயாவது அரசியலை விட்டுவிடுங்களேன் தோழர்' என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவர்களைப் பொறுத்தவரை சிரிப்பு ஒரு பச்சைக் குழந்தை. அதற்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது, வயிற்றைக் குலுக்க மட்டும்தான் தெரியும்.

எவன்யா சொன்னது? ஊர் மந்தையில் ஒருத்தன் தடுக்கி விழுந்தால் யார் சிரிக்கலாம், யார் சிரிக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியாதா? பண்ணையார் வழுக்கி விழுந்தபோது சேரிப்பிள்ளை சிரித்தால் அது திமிர். சேரிப்பிள்ளை விழுந்தால் ஊரே சிரிக்கலாம், அது தமாஷ். சிரிக்கிற உரிமையும் சிரிக்கப்படுகிற கடமையும் நிலம் மாதிரியே பங்கு பிரிக்கப்பட்டிருக்கின்றன. நம் பங்குக்கு எது வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கார்ட்டூனிலும் பார்ப்போம். அதிலும் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு ஊட்டப்படுகிற 'டாம் அண்ட் ஜெர்ரி'யையே பார்ப்போம். சின்னாளப்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே, அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து சோறு இறங்காத பிள்ளை செல்போனில் பார்ப்பதும் இந்தப் பூனையையும் எலியையும்தான். படத்தில் பேச்சு அதிகம் இல்லை. மொழி தெரியாமலே புரிகிறது. புரிகிறது என்பதுதான் விஷயமே. என்ன புரிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

2

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1950 ஜனவரியில் எம்.ஜி.எம். வெளியிட்ட 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்'. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா இரண்டு பேரும் இயக்கியது. ஏழு நிமிடம்கூட ஓடாது.

கதை இவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம். வீட்டு வேலைக்காரி, கறுப்பினப் பெண், நன்றாக உடுத்தி, நகைநட்டு மாட்டி, சீட்டாட்டக் கிளப்புக்குக் கிளம்புகிறாள். அவள் தலை மறைந்ததும் டாம் பூனை தெருப்பூனைகளைக் கூப்பிட்டு வீட்டில் கும்மாளம் போடுகிறது. ஜாஸ் இசை காதைப் பிளக்கிறது. தூங்க முடியாத ஜெர்ரி எலி சண்டைக்கு வருகிறது. அடி, உதை, துரத்தல். கடைசியில் எலி, கிளப்பில் இருக்கும் வேலைக்காரிக்குப் போன் போட்டு வத்தி வைக்கிறது. அவள் ஆட்டத்தைப் போட்டுவிட்டு ஓடிவருகிறாள், பூனைகளை வெளுத்துத் தெருவில் எறிகிறாள். தன் சனிக்கிழமை போச்சே என்ற ஆத்திரத்துக்கு, இனி வீட்டிலேயே கேட்போம் என்று அதே ஜாஸ் இசைத்தட்டைச் சுழல விடுகிறாள். எலிக்கு மறுபடியும் தூக்கம் போனது. முற்றும்.

சிரிப்பு வருகிறதா? வரும். படத்தை வரைந்தவர்கள் கைகாரர்கள், அதில் சந்தேகமே இல்லை. அந்த வரிசைப் படங்கள் ஏழு ஆஸ்கர் வாங்கியவை. கேள்வி அதுவல்ல. இந்தப் பெண்ணின் முகம் எங்கே?

பூனைக்கு முகம் இருக்கிறது. எலிக்கு இருக்கிறது. தெருப்பூனைகள் மூன்றுக்கும் தனித்தனி முகம், தனித்தனிக் குணம். இவளுக்குக் கால்கள். தடித்த கறுப்புக் கால்கள், தொளதொளத்த காலுறை, பாதத்தில் ஒரு ஜோடி செருப்பு. அதற்கு மேலே முன்றானைத் துணி கட்டிய இடுப்பு, துடைப்பம் பிடித்த கை. அதற்கும் மேலே திரை முடிந்துவிடுகிறது. 1940இல் வந்த முதல் படமான 'புஸ் கெட்ஸ் த பூட்' தொடங்கி 1952இல் வந்த 'புஷ் பட்டன் கிட்டி' வரை பன்னிரண்டு வருடம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியவள், கழுத்துக்குக் கீழேதான் வாழ்ந்தாள். சில படங்களில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு முகம் தெரிந்து மறையும். இந்தப் படத்திலும் உண்டு. கிளப்பிலிருந்து வீட்டுக்கு அவள் பாய்ந்து ஓடிவரும்போது ஒரு கணம், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சிக்கும். தன் வேலைக்காக அல்லாமல் தனக்காக அவள் வெளியே போன ஒரே சாயங்காலத்தில்தான் முகம் தப்பித் தவறிக் கோட்டுக்குள் வந்து விழுந்திருக்கிறது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

அவளுக்கு ஒரு பெயர் ஒட்டியிருக்கிறார்கள்: 'மேமி டூ ஷூஸ்'. 'மேமி' என்பது அடிமைக் காலத்தில் வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த கறுப்பு ஆயாவுக்கான பொதுச்சொல். 'டூ ஷூஸ்' என்றால் இரண்டு செருப்பு. ஆயா, இரண்டு செருப்பு. இதுதான் ஒரு மனுஷியின் மொத்த அடையாளம். நம்மூர் வார இதழ் ஜோக்குகளில் பல்லாண்டு காலம் பாத்திரம் தேய்த்த 'முனியம்மா'வை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த முனியம்மா, எந்தத் தெரு, என்ன வயசு என்று எந்த ஜோக்காவது கேட்டதா?

3

இதற்கு ஒரு தயார் பதில் வைத்திருக்கிறார்கள். 'ஐயா, அது கேமரா கோணம். பூனை எலியின் கண் மட்டத்திலிருந்து பார்க்கிறார்கள். அதற்குக் கால்தானே தெரியும்? இதில் நிறவெறி எங்கே வந்தது?'

சரி, கண் மட்டமே இருக்கட்டும். அதே பூனை, அதே எலி, அதே இரண்டு இயக்குநர்கள். 1956இல் 'பிஸி படீஸ்' என்று ஒரு படம், 1958இல் 'டாட் வாட்சர்ஸ்' என்று இன்னொன்று. இரண்டிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வருகிற ஒரு வெள்ளைக்காரச் சிறுபெண் உண்டு. ஜீனி என்று பெயர். வந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தாளானால் குழந்தை அடுப்பில் விழுந்தாலும் தெரியாது. பூனையும் எலியும்தான் ஓடி ஓடிக் காப்பாற்றுகின்றன. வேலைக்கு வந்து வேலை பார்க்காத இந்தப் பெண்ணுக்கு முகம் இருக்கிறது. கண், மூக்கு, வாய், வாரி முடித்த தலை, சொந்தப் பெயர், எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் தேய்த்துத் துடைத்தவளுக்கு இல்லை. பூனையின் கண் திடீரென்று எப்படி மேலே ஏறியது? பூனை வளர்ந்துவிட்டதா?

கோணம் என்பது ஒரு முடிவு. யாரை எங்கே வெட்டுவது என்று ஒருவன் பென்சில் பிடித்து முடிவு செய்கிறான். பாதத்தில் பிறந்தவன் சூத்திரன் என்று புருஷ சூக்தமும் ஒரு உடம்பை வரைந்துதான் முடிவு செய்தது. அந்தப் படத்தில் நமக்குப் பாதமும் கிடைக்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றோம். வரைகிறவன் கையில்தான் வர்ணம் இருக்கிறது. வர்ணம் என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படவரிசையில் குண்டு வெடிக்கிற வேடிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். வெடித்த புகை விலகினால் பூனையின் முகம் கரி அப்பி, உதடு தடித்து, தலையில் குச்சிப் பின்னல்களோடு ஒரு கறுப்பினக் குழந்தையின் முகமாக மாறியிருக்கும். 1951இல் வந்த 'கேஸநோவா கேட்' படத்தில் எலியின் முகத்தில் சுருட்டுப் புகையை ஊதிக் கறுப்பாக்கி, சூடாக்கிய தட்டின்மேல் ஆட வைக்கிறது பூனை. கறுப்பாவதே தண்டனை, கறுப்பாவதே தமாஷ். தமிழ் சினிமாவில் தீபாவளி வெடி கையில் வெடித்து, கரி பூசி, முடி நட்டுக்கொண்டு நிற்கிற காமெடியன்களை எண்ண முடியுமா? செந்தில் என்கிற அருமையான நடிகரின் நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கவுண்டமணி வாயால் எத்தனை வசவு வசனம் பேச வைத்தார்கள்? நன்றாக நடித்தார்கள் இருவரும். 1989இல் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத்துக்கு நாடே சிரித்தது. அந்த இரண்டு கலைஞர்களோடு நமக்குச் சண்டை இல்லை. கறுப்பு உடம்பை உதைத்தால் காசு கொட்டும் என்று கணக்குப் போட்ட மூளையோடுதான் சண்டை.

'ஸ்லாப்ஸ்டிக்' என்கிறார்களே, அந்தச் சொல் ஒரு கட்டையின் பெயர். பழைய இத்தாலியக் கோமாளி நாடகங்களில் இரண்டு பலகைகளைச் சேர்த்துச் செய்த அடிகட்டை. அடித்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், வலி இருக்காது. அதனால்தான் சிரிக்க முடிந்தது. நம்மை அடிக்கிற கட்டைக்கு நேர் எதிர்க்குணம். வலி எலும்புவரை போகும், சத்தம் பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது.

4

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்கள் நம்மைவிடத் தீவிரமானவர்கள். ஜெர்ரி ஒரு விளிம்புநிலை எலி என்பார்கள். சிறியது பெரியதை வீழ்த்துகிறது, அதிகாரத்தைப் பகடி செய்கிறது, ஆகவே இது ஒடுக்கப்பட்டோரின் பிரதி என்று கட்டுரை வாசிப்பார்கள். கருத்தரங்கில் கைதட்டலும் விழும்.

தோழரே, கொஞ்சம் பொறுங்கள். இந்தப் படத்தில் எலி என்ன செய்கிறது? தன் தூக்கம் கெட்டதற்காக, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஓய்வெடுக்கப் போன வேலைக்காரியைப் போன் போட்டு வேலைக்கு இழுக்கிறது. 1940இல் வந்த முதல் படத்திலும் இதே கதை. இன்னும் ஒரு சாமானை உடைத்தால் உன்னை வீட்டைவிட்டே விரட்டிவிடுவேன் என்று அவள் பூனையை எச்சரிக்கிறாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எலி தட்டையும் கோப்பையையும் தூக்கிப் போடப் போவதாக மிரட்டுகிறது. சிறியவனின் தந்திரம் என்று ரசிக்கிறோம். உடைந்த பீங்கானைக் குனிந்து பொறுக்குவது யார்? அந்த முதுகு வலியை எந்தக் கட்டுரையாவது எழுதியதா? எலி கலகம் செய்கிறது, பூனை பழிவாங்குகிறது, குப்பை மட்டும் அவள் கணக்கில் ஏறுகிறது.

சரி, அவளுக்கு அதிகாரம் இல்லையா? துடைப்பத்தால் பூனையைப் புரட்டி எடுக்கிறாளே? எடுக்கிறாள். அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம். பூனைமேல் மட்டும் செல்லுபடியாகும். இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த வீடு யாருடையது? அவள் பெரும்பாலான படங்களில் வருகிறபோது வீட்டுக்காரன் வருவதே இல்லை. பீங்கான் யாருடையது, பனிப்பெட்டி நிறையச் சாப்பாடு யாருடையது, ஒன்றும் தெரியாது. உடைமைக்காரன் படத்துக்கு வெளியே பத்திரமாக இருக்க, உள்ளே பூனையும் எலியும் வேலைக்காரியும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். இதில் யார் ஜெயித்தாலும் பத்திரத்தில் பெயர் மாறப் போவதில்லை. கோயில் திருவிழாவில் ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு தெருவுக்கும் நம்மோடு மல்லுக்கு நிற்கிற இடைநிலைச் சாதிக் கூலிக்காரர்களுக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். பூனை வேஷம் கட்டியதற்காக வீடு உங்களுடையது ஆகிவிடாது ஐயா.

இசையையும் விடக் கூடாது. ஜாஸ் கறுப்பின மக்கள் வடித்த இசை. அவள் வீட்டில் இல்லாதபோது பூனைகள் அதை வாசித்துக் குதிக்கின்றன. நம் பறை அடி தமிழ் சினிமாவில் எத்தனை பாட்டைத் தூக்கி நிறுத்தியது, அடித்தவன் பெயர் எத்தனை டைட்டிலில் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

5

இனி வரலாறு. 'புஸ் கெட்ஸ் த பூட்' வெளிவந்தது 1940 பிப்ரவரியில். அதே பிப்ரவரிக் கடைசியில் ஹாட்டி மெக்டேனியல் என்ற கறுப்பின நடிகைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினர் அவர். வாங்கித் தந்த பாத்திரம்? 'கான் வித் த விண்ட்' படத்தில் வெள்ளைக்கார வீட்டு ஆயா, பெயரே மேமி. பரிசு கொடுத்த ஓட்டலில் அவரைச் சக நடிகர்களோடு உட்கார விடவில்லை. சுவரோரம் தனி மேசை. நம் டீக்கடைத் தனிக்கிளாஸுக்கு ஹாலிவுட் பெயர் தனி மேசை.

பூனைப் படத்து வேலைக்காரிக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப். ரேடியோவிலும் சினிமாவிலும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் வேலைக்காரி வேஷங்கள்தான். பூனைப் படங்களின் டைட்டிலில் அவர் பெயர் இல்லை. ஆக, முகத்தை வரைந்தவர்கள் வெட்டினார்கள், பெயரைக் கம்பெனி வெட்டியது. குரல் மட்டும் தேவைப்பட்டது.

கறுப்பின மக்களின் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. இந்தப் பிம்பங்களை எதிர்த்துப் போராடியது. 1942 முதல் அதன் செயலாளர் வால்டர் ஒயிட் ஹாலிவுட் முதலாளிகளிடம் போய், எங்களை ஆயாவாகவும் கோமாளியாகவும் மட்டுமே காட்டாதீர்கள் என்று கேட்டார். 'ஸ்க்ரப் மீ மாமா வித் எ பூகி பீட்' என்ற இழிவான கார்ட்டூன் மறுபடியும் திரைக்கு வந்தபோது எதிர்த்து நின்றது. அந்த அமைப்போடு நமக்கு உறவு உண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர், அங்கே பணியில் இருந்த டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் தரும் மனுவின் பிரதியைக் கேட்டார். டூபாய்ஸ் பதிலும் எழுதினார். அவர்களுடைய போராட்டத்தைத் தொலைதூரச் செய்தியாக நாம் வாசிக்க வேண்டியதில்லை.

போராட்டத்தின் பலன் என்ன? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். 1952க்குப் பிறகு அவளுக்கு முகம் கொடுத்தார்களா? பெயர் கொடுத்தார்களா? இல்லை. வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். இழிவாகக் காட்டாதே என்று கேட்டால், சரி இனிமேல் காட்டவே மாட்டேன் என்றார்கள். அதோடு விடவில்லை. 1960களில் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்க வேண்டிவந்தது. எம்.ஜி.எம்.இல் சக் ஜோன்ஸின் குழு உட்கார்ந்து, சில படங்களில் அந்தக் கறுப்பு உடம்பை அழித்துவிட்டு, அதே இடத்தில் ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து வைத்தது. குரல் ஜூன் ஃபோரே என்ற வெள்ளைக்கார நடிகையுடையது. நாம் பார்த்த 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்' படத்துக்கும் இந்தக் கதிதான். சனிக்கிழமை சாயங்காலமும் அவளுக்கு இல்லை. காதலனோடு ஆடப் போகிற வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போய்விட்டது.

கண நேரம் தெரிந்த முகத்தையும் அழித்தாயிற்று. இழிவும் இல்லை, ஆளும் இல்லை. எவ்வளவு சுத்தம்!

இதைக் கண்டுபிடித்தது அமெரிக்காக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். நம்மூரில் 12ஆம் நூற்றாண்டிலேயே செய்து முடித்துவிட்டார்கள். பெரியபுராணத்து நந்தன் யார்? கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தவன், யாழுக்கு நரம்பு கொடுத்தவன். அவன் கொடுத்த தோல் உள்ளே போகலாம், அவன் தோல் போகக் கூடாது. தில்லைக்குள் நுழைய வேண்டும் என்றபோது தீயில் இறக்கினார்கள். எரிந்து வெளியே வந்தது யார்? சடைமுடியும் மார்பில் பூணூலுமாக ஒரு முனிவர். புலைப்பாடி நந்தனை அழித்துவிட்டு அதே கோட்டில் ஒரு பார்ப்பன உருவத்தை வரைந்தார் சேக்கிழார். சக் ஜோன்ஸுக்கு ரப்பரும் பென்சிலும் தேவைப்பட்டன. இவர்களுக்கு ஓமகுண்டம் போதுமானதாக இருந்தது. 1942இல், அந்த ஆயா ஹாலிவுட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையில் ஜெமினி கம்பெனி தண்டபாணி தேசிகரை வைத்து 'நந்தனார்' எடுத்துக் காசு பார்த்தது.

ஆதிக்கத்துக்கு மூன்று வேலை தெரியும். முதலில் நம் முகத்தை வெட்டும். எதிர்த்தால் தன் முகத்தை ஒட்டும். அதுவும் செல்லாவிட்டால் பக்கத்தையே கிழிக்கும்.

6

பக்கம் கிழித்ததை நாமே பார்த்தோம். 1949 ஆகஸ்டில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் ஒரு படம் போட்டார். அரசியல் சட்டம் என்ற நத்தையின்மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் ஜனக்கூட்டம். இது என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருந்தது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் இதைக் கேள்வியாக்கினார்.

உடனே வந்தது பாருங்கள் உபதேசம். 'தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை.' 'சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு அல்ல.' அப்படியா? சாட்டை என்றால் உங்களுக்கு ஒரு வரைகோடு. எங்களுக்கு அது சாணிப்பால். எங்கள் தாத்தாவின் முதுகு. சாட்டையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தவனுக்கும் அந்தப் பக்கம் நின்று பார்த்தவனுக்கும் ஒரே படம் ஒரே மாதிரி தெரியுமா? உன்னமதி சியாம சுந்தர் என்ற ஆய்வாளர் 1932 முதல் 1948 வரை ஆங்கிலப் பத்திரிகைகள் அம்பேத்கரை வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தேடித் தொகுத்து 2019இல் புத்தகமாக்கினார். அந்தக் குவியலோடு சேர்த்துப் பார்க்கிறவனுக்கு 1949இன் சாட்டை தனிப் படமாகத் தெரியாது.

ஆனால் அரசு என்ன செய்தது? விவாதிக்கவில்லை. ஒரு கறுப்பின ஆயாவுக்கு எம்.ஜி.எம். செய்ததையே செய்தது. எடுத்துவிடுகிறோம் என்றது. பிறகு அமைத்த தோரட் குழுவும் அந்தப் படத்தோடு நிற்காமல் இன்னும் பல கார்ட்டூன்களை நீக்கச் சொன்னது. அந்தக் குழுவில் இருந்துகொண்டே மாறுபட்டுக் குறிப்பு எழுதியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். சாதியையும் பார்ப்பனியத்தையும் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர் அவர். நம் கோபத்தைப் புரியாதவர் அல்ல. அவருடைய மாறுபாட்டை நாம் திரும்ப எடுத்துப் பேச வேண்டும்.

ஏனென்றால் நீக்கியதில் யாருக்கு லாபம்? நம் கோபத்தைச் சாக்காக வைத்து எல்லா அரசியல்வாதிகளின் கேலிப்படத்தையும் துடைத்தார்கள். பழி நம் தலையில் விழுந்தது. வகுப்பில் ஒரு தலித் மாணவி எழுந்து நின்று, 'சார், இந்தச் சாட்டை எனக்கு வேற மாதிரி தெரியுது' என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பும் போனது. இந்த நாட்டின் பத்திரிகைகளில் எத்தனை தலித் கேலிச்சித்திரக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை ஒருவரும் கேட்காமலே விவகாரம் முடிந்தது. படத்தை எடு என்று நாம் கேட்டதை மட்டும் அவர்கள் காதில் வாங்கினார்கள். பென்சிலைக் கொடு என்று அதைவிட உரக்கக் கேட்டிருக்க வேண்டும். இனி கேட்போம்.

7

சின்னாளப்பட்டிக்கு வருகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. பெருவிரல் ரேகை வைக்கிறவர்களுக்குக் கணக்குத் திறக்க முகம் தெரிகிற போட்டோ வேண்டும், பாஸ்புத்தகத்தில் ஒட்டி முத்திரை குத்த வேண்டும். முகம் இல்லாமல் ஐந்நூறு ரூபாய்கூடக் கையில் தர மாட்டோம். அப்படிப்பட்ட வங்கிகளில் 'பார்ட் டைம் ஸ்வீப்பர்' என்று ஒரு வேலை உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கூட்டுகிறார் என்று கணக்கிட்டு மூன்றில் ஒரு பங்குச் சம்பளம், அரைச் சம்பளம், முக்கால் சம்பளம் என்று போடுவார்கள். முழு ஆள் வருகிறார், கால் பங்கும் அரைப் பங்குமாக அளந்து கணக்கில் எழுதுகிறோம். கழுத்துக்குக் கீழே வரைந்த கார்ட்டூனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாடிக்கையாளர்கள் வருவதற்குள் கூட்டி முடித்துப் போய்விடுவார். நான் வேலை பார்த்த ஒரு கிளையில், பெயர் வேண்டாம், பத்து வருடம் கூட்டிய அம்மாவுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'ஸ்வீப்பர்'. இப்போது பல இடங்களில் அதுவும் காண்டிராக்டுக்குப் போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கு ஆளாக இருந்தவர் பதிவேட்டிலேயே இல்லாதவர் ஆகிவிட்டார். 1952இல் வந்த அந்தக் கடைசிப் படத்தில் பூனையின் வேலைக்கு ஒரு எந்திரப் பூனையை அவள் வாங்கி வருவாள். அடுத்த படத்தில் அவளே இல்லை.

வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு 2007இல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தது. 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டு வேலைக்காரரும் தொழிலாளரே, வார விடுமுறை அவருக்கும் உரிமை என்கிறது அது. இந்தியா இதுவரை அதை உறுதி செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைக் கொடுப்பதற்கு இவ்வளவு யோசனை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. படித்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைச் சரட்டின் நுனியில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு நாயக்கரிடம் கொண்டுபோகிறார். பார்க்கிற சிறுமிக்கு அடக்க முடியாத சிரிப்பு. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் தமாஷாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் சரட்டைப் பிடித்தார் என்கிறான். சிரிப்பு அங்கேயே செத்துக் கோபம் பிறக்கிறது. அமெரிக்கக் கார்ட்டூன்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது. காட்சி ஒன்றுதான். தூரத்திலிருந்து பார்த்தால் கோமாளித்தனம், காரணம் தெரிந்தால் வன்கொடுமை. 'கார்ட்டூனிலுமா சாதி' என்று கேட்கிற நண்பர் அண்ணனோடு இன்னும் பேசாத சிறுமி. அவ்வளவுதான் வித்தியாசம். பேசட்டும்.

செருப்பையும் சொல்லி முடிக்கிறேன். ராமன் செருப்பு சிம்மாசனத்தில் ஏறி ஆட்சி செய்த நாடு இது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் நம் ஆட்கள் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்து தோலைப் பதமாக்கினார்கள். அந்தத் தோலில் தைத்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தார்கள். பழங்கதை என்பவர்களுக்கு: பழனியைத் தாண்டினால் மடத்துக்குளம் வட்டம், அங்கே ராஜாவூர். 2023 டிசம்பரில்தான் அந்த ஊர்த் தலித் மக்கள் அறுபது பேர் சேர்ந்து, தடுக்கப்பட்ட தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். 'டூ ஷூஸ்' என்று ஒருத்திக்குக் கேலிப்பெயர் வைத்தது அமெரிக்கா. இங்கே அந்த இரண்டு செருப்புக்கே கூட்டம் சேர்த்துப் போராட வேண்டியிருக்கிறது.

சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு நம் சொத்து. கூத்தில் ராஜா முன்னால் நின்று ராஜாவையே நக்கலடிக்கிற கட்டியங்காரன் நம் ஆள். பாமா 1996இல் ஒரு கதைத் தொகுப்புக்கு 'கிசும்புக்காரன்' என்று பெயர் வைத்தார். கிசும்பு என்பது கைகட்டி நிற்கிறவன் வாயில் வைத்திருக்கும் ஆயுதம். ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் ஊரையும் சர்ச்சையும் காலேஜையும் தன்னையும் சேர்த்தே கிண்டலடித்தார். நம்மிடம் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை. அது இன்னும் ஓடுகிற படமாகவில்லை, அவ்வளவுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கையில் இருக்கிற போனில் இன்று படமும் வரையலாம், ஓட்டியும் பார்க்கலாம். எம்.ஜி.எம். தேவையில்லை. ஏழு நிமிடம் போதும். அதே வீடு, அதே பூனை, அதே எலி. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்புகிறாள். முகத்தை வரையுங்கள், நம் அம்மா முகம், நம் அத்தை முகம், எது வந்தாலும் சரி. போன் அடிக்கிறது. அவள் எடுக்கவில்லை. ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து, தன் வீட்டுக்குப் போகிறாள். பூனையும் எலியும் உடைத்ததை வீட்டுக்காரனே வந்து கூட்டட்டும். அவன் முகத்தையும் அப்போது பார்ப்போம்.